நேராகப் போனால் இரண்டும்

கம்பத்தில், கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையின் தொடக்கத்தில் ஒரு ஜீப் ஸ்டாண்டு இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள சின்னக் கடையின் பலகையில் ‘ஜோதி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ், உரிமையாளர்: ஒ. ஜோதிலட்சுமி’ என்று எழுதியிருக்கும். ‘உரிமையாளர்’ என்பதை மட்டும் சிவப்புப் பெயிண்டில், மற்ற எழுத்துகளைவிடப் பெரியதாக எழுதச் சொன்னவள் ஜோதிலட்சுமியேதான். கடை திறந்த புதிதில் வந்தவன் போனவனெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “எலக்ட்ரீசியன் எங்கம்மா? எப்ப வருவாரு?” என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது. எழுத்தெல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று பெயிண்டர் மன்றாடிப் பார்த்தார். “எடுப்பா இருக்க வேணாம்ணே, கண்ணுல குத்துனாப் போதும்” என்று சொல்லிவிட்டாள்.

வயது நாற்பத்திரண்டு. பிறந்தது பண்ணைப்புரம். அப்பா ஒச்சாண்டிக்குச் சொந்தமாக ஒரு தோட்டமும், தோட்டத்தில் ஒரு கிணறும், கிணற்றில் மாதம் தவறாமல் புகைந்துபோகும் ஒரு மோட்டாரும் இருந்தன. மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகும் அப்பாவோடு கூடவே போய்க் கம்பி சுற்றுவதை வேடிக்கை பார்த்தவள், பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிப்புக்கு மனுப் போட்டாள். தையல் பிரிவில் இடம் இருக்கிறதே என்றார் மனுவை வாங்கியவர். “தையல் எங்காத்தாளுக்குத்தான் ஆசை, அவகளச் சேத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, முப்பது ஆண்பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். படிப்பு முடிந்து உத்தமபாளையத்தில் ஏழு வருடம் மோட்டார் வைண்டிங். அப்புறம் கல்யாணம், அப்புறம் கம்பம், அப்புறம் இந்தக் கடை. கணவன் சண்முகராஜ் பால் வேன் ஓட்டுகிறவன். அவள் வாய்க்கு ஊரே ஒதுங்கிப் போனபோதும் ஒதுங்காத ஒரே ஆள். அவனுக்கு அந்த வாய் பிடிக்கும்.

எதிரே ஸ்டாண்டில் நாற்பது ஜீப்புகள். விடிந்தும் விடியாமலும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்ப அழைத்துவந்து ஊர் ஊராக இறக்கிவிடுகிற வண்டிகள். மலையின் மழையையும் பனியையும் குடித்துத் துருவேறிக் கிடக்கும் அந்த வண்டிகளில் விளக்கு எரியவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஜோதி அதில் கெட்டிக்காரி. இண்டிகேட்டரைப் போட்டதும் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தத்திலேயே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். படபடவென்று வேகமாக அடித்தால் எங்கோ ஒரு பல்பு போய்விட்டது. விளக்கு மங்கலாக முனகினால் பாடியோடு சேரும் எர்த் சரியில்லை. இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தால் பியூஸ், இல்லையென்றால் விளக்கை விட்டு விட்டு அடிக்க வைக்கும் பிளாஷர். பத்து வண்டியில் எட்டு இதற்குள் அடங்கிவிடும், மிச்ச இரண்டுக்குத்தான் மூளை வேண்டும் என்பாள்.

போன ஐப்பசியில் விஜயபாண்டி என்ற டிரைவரின் ஜீப்புக்கு முழு ஒயரிங்கையும் மாற்றிக் கொடுத்தாள். கருகிப்போன பழைய கம்பிகளை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தாள். துருப்பிடித்த பாடியை நம்பாமல் பின்விளக்குகளுக்குத் தனியாக எர்த் கம்பியே கொடுத்தாள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து டேப் சுற்றினாள். தன் வண்டிக்குச் செய்வதுபோலத்தான் செய்தாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம், தோட்டத்திலிருந்து பெண்களோடு திரும்பிய அந்த ஜீப், காமயகவுண்டன்பட்டி ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தெருவுக்கு வலப்பக்கம் திரும்பியது. பின்னால் வந்த பழ வேன் அதே நேரத்தில் முந்தப் பார்த்தது. ஜீப் குறுக்கே வருவதைக் கண்டு வேன்காரன் பிரேக்கை மிதித்து இடப்பக்கம் ஒடித்ததில், ஜீப்பின் பின்னால் இடது மூலையில் இடித்தது. கடைசி ஆளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாளுக்குக் கை முறிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். இண்டிகேட்டர் எரியவே இல்லை என்று வேன்காரன் சத்தியம் செய்தான். வலது இண்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன் என்று விஜயபாண்டி சத்தியம் செய்தான். இருவர் சொன்னதும் நிஜம். வினையே அங்கேதான் பிடித்தது. போட்டும் எரியவில்லை என்றால் யார் பொறுப்பு? ஒயரிங் செய்தவள் பொறுப்பு.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அதுவரை ‘ஜோதியக்கா கைராசிக்காரி’ என்று சொன்ன வாய்களெல்லாம் ‘பொம்பள பாத்த வயரிங்கு வேற எப்பிடி இருக்கும்’ என்று திரும்பிக்கொண்டன. ஸ்டாண்டின் சங்கத் தலைவர் பாண்டீஸ்வரன், சொந்தமாக மூன்று ஜீப் வைத்திருப்பவர், டிரைவர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கடைக்குக் கேட்கும்படியே அறிவித்தார்: “இனிமே நம்ம ஸ்டாண்டு வண்டி ஒன்னுகூட அந்தக் கடையில போயி நிக்கக் கூடாது. உசுரு சம்பந்தப்பட்ட விசயம்.” மறுநாள் முதல் ஒரு வண்டியும் வரவில்லை. ஜீப்புகள் இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு வேலையே இல்லை. பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம்கூட ஜோதி தாங்கியிருப்பாள். ராக்கம்மாளைப் பார்க்கக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனபோது நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ராக்கம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஏத்தா, நாலு கம்பிய ஒழுங்கா முறுக்கத் தெரியாதா ஒனக்கு? தெரியலைன்னா எதுக்கு இந்த வேலைக்கு வந்த?” என்று சுவரைப் பார்த்தே கேட்டாள். ஆண்பிள்ளை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பாள். இவளிடம் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்தபின் கோபம் வந்தது. அழுகை போல அது சீக்கிரம் போகவில்லை.

“விடு ஜோதி, போர்டுல எம்பேரப் போட்டுக்குவமா கொஞ்ச நாளைக்கு?” என்றான் சண்முகராஜ், நல்ல எண்ணத்தில்தான்.

“ஒனக்கு பியூஸ் எங்கன இருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்புகள் மலையேறாது. அன்று காலை பத்து மணிக்கு, டிரைவர்கள் எல்லோரும் டீயும் கையுமாக இருந்த நேரத்தில், டெஸ்ட் லேம்பையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஸ்டாண்டுக்குள் போய் நின்றாள்.

“விஜயபாண்டி வண்டிய இங்கன கொண்டாரச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கத்தான் பாக்கப்போறேன். கோளாறு நான் இழுத்த கம்பியில இருந்துச்சுன்னா, கடைய நானே சாத்திட்டுப் போயிர்றேன். இல்லைன்னா, இங்கன வச்சுச் சொன்னத இங்கன வச்சே நீங்க திருப்பி வாங்கணும்.”

“ஒனக்கு எதுக்குத்தா இந்த வீராப்பு?” என்றார் பாண்டீஸ்வரன்.

“மடியில கனமில்லண்ணே. எனக்கென்ன பயம்?”

வண்டி வந்தது. இடது பின்விளக்கு விபத்தில் நொறுங்கியிருந்தது. வலப்பக்கம் ஒரு கீறல் இல்லை. சாவியைப் போட்டு, வலது இண்டிகேட்டரைத் தட்டினாள். முன்னாலும் பின்னாலும் ஜம்மென்று அடித்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். அடித்தது. கம்பிகளைப் பிடித்து இழுத்தாள், உலுக்கினாள், பியூஸைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள், பிளாஷரை மாற்றினாள், ஒவ்வொரு இணைப்பிலும் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தாள். எங்கேயும் குறையில்லை. கோளாறு இல்லையென்றால் அவளுக்குச் சந்தோஷம்தானே என்று நினைக்கலாம். அதுதான் இல்லை. இன்றைக்கு எரிவதால் அன்றைக்கு எரியாதது இல்லையென்று ஆகிவிடாது. கண்டுபிடிக்க முடியாத கோளாறு ஒயரிங்காரி தலையில்தான் விடியும்.

ஒரு மணி நேரமாயிற்று. கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. “அன்னைக்கு மட்டும் அதுக்கு லீவு போல” என்றான் ஒருவன். ஜோதி மறுபடி குனிந்து கம்பிகளைப் பார்த்தாள். உண்மையிலேயே பயந்துவிட்டாள். ஒயரிங் செய்த அன்றைக்கு ஏதோ ஒரு இணைப்பைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டோமோ, அது இப்போது தானாகப் பிடித்துக்கொண்டு நம்மைப் பழிவாங்குகிறதோ என்றுகூட மனசு ஓடியது.

நிமிர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினபோதுதான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. நாலு பக்க விளக்கும் ஒன்றாக அடிப்பதற்கான பொத்தான். அதன் மேல் சிவப்பாக முக்கோணம் இருக்க வேண்டும். முக்கோணமும் இல்லை, சிவப்பும் இல்லை. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெளுத்துப்போய் இருந்தது. வண்டி நடுவழியில் நின்றுபோனால் போடுகிற பொத்தான் அது. வருடத்துக்கு நாலு தடவை அமுக்கினாலே அதிகம்.

“ஏப்பா விஜயபாண்டி, இது எப்பிடி இம்புட்டுத் தேஞ்சுச்சு?”

“நேரா போறப்பப் போடுவோம்லக்கா” என்றான் அவன்.

“நேரா போறப்பவா?”

“ஆமா. இடது போனா இடதப் போடுவோம், வலது போனா வலதப் போடுவோம். நால்ரோட்டுல நேரா போனா ரெண்டையும் போட்டுத்தானே ஆகணும்? இல்லாட்டி நம்ம எங்க போறோம்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

சுற்றி நின்ற நாற்பது தலையும் ஆடியது. இதுகூடத் தெரியாமல் ஒயரிங் பார்க்க வந்துவிட்டாளே என்று பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எந்த மகராசன் தொடங்கி வைத்தானோ தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், தேனி முதல் குமுளி வரை எல்லோருக்கும் மனப்பாடம். பக்கவாட்டில் வருகிறவனுக்கு நம் வண்டியின் ஒரு பக்க விளக்குதான் தெரியும், அவன் நாம் திரும்பப் போவதாகத்தான் நினைப்பான் என்பதை யாரும் யோசித்ததில்லை. ஜோதியும் இருபது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. சண்முகராஜ் பால் வேனில் இதையேதான் செய்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ அமுக்குவ?”

“நால்ரோடு, முச்சந்தி, மேல பனி விழுந்தா அதுக்கு ஒரு வாட்டி… அம்பது அறுவது இருக்கும்.”

அவளுக்குச் சட்டென்று வெளிச்சமாயிற்று. இண்டிகேட்டருக்குப் போகிற கரண்ட் இந்தப் பொத்தானின் வயிற்றுக்குள் புகுந்துதான் போகிறது. பொத்தான் வெளியே நின்றால் இடது, வலதுக்கு வழி விடும். உள்ளே போனால் அந்த வழியை அடைத்துவிட்டு நாலு விளக்கையும் எரிக்கும். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நடுவில் நின்றுவிட்டால் ஒன்றும் எரியாது.

“வண்டிய எடு” என்றாள். “நீ தெனமும் எப்பிடிப் போவியோ அப்பிடியே போ. அண்ணே, நீங்களும் ஏறுங்க. பின்னாடி ஒக்காந்து வெளக்கப் பாத்துக்கிட்டே வாங்க.”

பாண்டீஸ்வரன் முனகிக்கொண்டே ஏறினார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அவள் காதுபடச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காமயகவுண்டன்பட்டி ரோட்டுக்கு விட்டார்கள். முதல் நால்ரோட்டில் விஜயபாண்டி பொத்தானை அமுக்கினான். நொறுங்கிய இடது பின்விளக்கு தவிர மற்ற மூன்றும் அடித்தன. கடந்ததும் மறுபடி அமுக்கி நிறுத்தினான். “இப்ப வலது போடு” என்றாள் ஜோதி. எரிந்தது. அடுத்த சந்திப்பிலும் எரிந்தது. பாண்டீஸ்வரன் பெருமூச்சு விட்டார். மூன்றாவது சந்திப்பைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி வலதைப் போடச் சொன்னாள். டிக் டிக் சத்தம் இல்லை.

“அண்ணே, எறங்கிப் பாத்து நீங்களே சொல்லுங்க.”

பாண்டீஸ்வரன் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். “எரியல” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

“எதையும் தொடாத” என்று விஜயபாண்டியிடம் சொல்லிவிட்டு, பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பொத்தான் ஒரு நூல் அளவு வெளியே துள்ளியது. வலது விளக்கு அடிக்கத் தொடங்கியது.

“அன்னைக்கு நால்ரோட்டுல நேரா வந்தியா? ரெண்டையும் போட்டியா?”

“போட்டேங்க்கா.”

“அமத்துனதும் இது பாதியில நின்னுருச்சு. அடுத்து நீ வலது போட்டப்ப ஒன்னும் எரியல. வேன்காரன் இடிச்ச இடியில இது தானா வெளிய வந்துருச்சு. அதான் அப்பறம் பாத்தவன் எல்லாருக்கும் எரிஞ்சுச்சு. டிக் டிக் சத்தம் வரலைன்னு ஒனக்குத் தெரியலையா?”

“பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு” என்று விஜயபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்டாண்டுக்குத் திரும்பி, எல்லோர் முன்னாலும் சுவிட்சைக் கழற்றிப் பிரித்துக் காட்டினாள். உள்ளே தகடு கருத்துத் தேய்ந்திருந்தது, ஸ்பிரிங் துவண்டு கிடந்தது. கையிலிருந்து கைக்குப் போயிற்று. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பாண்டீஸ்வரன் மட்டும் விடவில்லை.

“அப்ப இதையும் நீதான பாத்திருக்கணும்? வண்டி ஒங்கிட்டதான மூணு நாளு நின்னுச்சு?”

அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஜோதிக்கும் அது தெரிந்தது. சுவிட்சு என் வேலையில்லை, ஒயரிங் மட்டும்தான் பேசினது என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் ராக்கம்மாளின் முகம் சுவரைப் பார்த்தபடி அவள் மனசுக்குள் இருந்தது.

“ஆமா, பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு” என்றாள். “கம்பியில கோளாறு இருந்தாச் சாத்துறேன்னேன், கம்பியில இல்ல. பாக்காம விட்டதுக்குச் சாத்தணும்னா, மத்த முப்பத்தொம்பது வண்டியையும் பாத்த எலக்ட்ரீசியன் அம்புட்டுப் பேரும் எங்கூடச் சேந்து சாத்தணும். அவுகளும் இதப் பாக்கல. சாத்தச் சொல்லுங்க, நானும் சாத்துறேன். இல்லாட்டி, சொன்னதத் திருப்பி வாங்குங்க.”

பாண்டீஸ்வரன் டீ கிளாசைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். “சரி, வண்டிக கடையில நிக்கலாம்” என்றார்.

“எனக்குக் கேக்குது. கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”

இரண்டாம் முறை கத்திச் சொன்னார். ஜோதி அதோடு போயிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அவள் போகவில்லை. மற்ற வண்டிகளின் பொத்தானையும் பார்த்தாக வேண்டும் என்றாள். ஏலக்காய் எடுக்கிற நேரம், வண்டியை நிறுத்தினால் தோட்டத்துக்காரனுக்கு யார் பதில் சொல்வது, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று பாண்டீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஜோதி மறுபடி ராக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தான் பார்க்காமல் விட்டதையும் சொன்னாள். ராக்கம்மாள் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“எல்லா வண்டியிலயும் இந்தப் பொத்தான் இருக்கா?”

“இருக்கு மதினி.”

“எல்லாப் பயலும் அமுக்குறானா?”

“அமுக்குறாக.”

ராக்கம்மாள் உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டாள். மருமகள் ஜோதிக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதல் வண்டி பாண்டீஸ்வரனுடையது, அவரே ஓட்டுவது. பதிமூன்று பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஜோதி ஸ்குரூ டிரைவரோடு வந்து, ஒரே ஒரு நிமிஷம் பொத்தானைப் பார்க்க விடுங்கள் என்று கேட்டாள். பாண்டீஸ்வரன் என்ஜினைக் கிளப்பினார். “வழிய விடுத்தா, நேரமாகுது.”

அப்போதுதான் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸிலிருந்து ராக்கம்மாள் இறங்கினாள். வேலைக்குப் போக முடியாதவளுக்கு இந்த நேரத்தில் ஸ்டாண்டில் என்ன வேலை என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் கட்டுப் போட்ட கையோடு நேராக முதல் வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

“எறங்குங்கடி எல்லாரும்.”

“என்ன மதினி?” என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி.

“எறங்குங்கங்கிறேன்ல? இவ பாக்காத வண்டியில ஏறுனீகன்னா என் கைய ஒருக்கா நல்லாப் பாத்துட்டு ஏறுங்க.”

பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடிக்கப் பதிமூன்று பேரும் இறங்கினார்கள். அடுத்த வண்டியிலிருந்தும், அதற்கு அடுத்ததிலிருந்தும் இறங்கத் தொடங்கினார்கள்.

“ஏலே, என்ன கூத்துடா இது?” என்று பாண்டீஸ்வரன் யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினார். “ஒரு நா வேல போனாப் போகட்டும்ணே. ஒரு கை போனா நீங்க குடுப்பீகளா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாலை நிறையப் பெண்கள் நின்றார்கள். ஒரு வண்டியும் நகர முடியவில்லை.

பாண்டீஸ்வரன் கடைசியில் என்ஜினை அணைத்தார். “ஆரம்பி. எந்த வண்டியில ஆரம்பிக்கிற?”

“ஒங்க வண்டியிலதான்.”

ஜோதி அவரை இறங்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். வெளுத்துப்போன பொத்தானை, அவர் அமுக்குகிறாற்போலவே, அமுக்கினாள், அமர்த்தினாள், அமுக்கினாள், அமர்த்தினாள். ஏழாம் முறை அமர்த்திவிட்டு வலது இண்டிகேட்டரைத் தள்ளினாள்.

“மதினி, பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

“எரியல!” என்று பின்னாலிருந்து அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள்.